அறுநூறு வரி, ஒரு சின்ன ர

ஜூன் 6

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்கள் தினமும் நாலு தடவை போன் அடிக்கிறீர்கள். அது அடித்து ஓயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுக்க மனசு வரவில்லை. போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் அடைத்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கடிதம் எழுதக் கிளம்பிவிட்டாள் என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று வாசலில் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "குடி, வேற என்ன. குடிச்சுக் குடிச்சே வயித்தைக் கெடுத்துக்கிட்டாரு மாப்பிள்ளை." தெருவே கேட்டது. உள்ளே அவர் தலைமாட்டில் இருந்த எனக்கும் கேட்டது. பதினொரு வருடம் அவரோடு இருந்தவள் நான். உங்கள் சிநேகிதர்கள் டம்ளரை நீட்டியபோதெல்லாம் "எனக்கு பேட்டரித் தண்ணியே போதும்" என்று சிரித்துத் தள்ளிவிட்டவர் அவர். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னீர்கள். அதனால்தான் இனி இந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று கத்தினேன்.

இப்போது எழுதுவது சண்டைக்கு இல்லை. ஒன்று கேட்க வேண்டும்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் காகிதம் வாங்கப் போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார். "என்ன வேலை பார்த்தாரும்மா?" என்று கேட்டார். "செத்த பேட்டரி உடைக்கிறதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தீர்ந்துபோன பேட்டரியைத்தான் கடையில் செத்தது என்போம், அதை உடைத்து உள்ளே இருக்கிற தகட்டை எடுத்து உருக்குவார் என்று விளக்கினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வச்சு?" "வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில." "அவர் ரத்தம் பூரா ஈயம்மா. வயித்து வலி, கை தொங்கினது, கிட்னி, கடைசியா வந்த வலிப்பு, எல்லாம் அதுதான். பழைய பேட்டரி மறுசுழர்ச்சி ஆலைக்குத்தானே போகணும்? சட்டமே இருக்கே?"

மறுசுழர்ச்சி. அது என் கையில் இருந்த சொல். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் பேட்டரிக் கடையிலிருந்து நீங்கள் அனுப்பும் பெரிய நோட்டில் நான் எழுதியது அதுதான். தேதி, பேட்டரி நம்பர், எடை, கடைசிக் கட்டத்தில் "மறுசுழர்ச்சி ஆலைக்கு அனுப்பப்பட்டது". என் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்றுதானே என்னிடம் கொடுத்தீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டேன். "அது மந்திரம் மாதிரி. எழுதி வச்சா ஆபீஸ்காரங்க வரமாட்டாங்க" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டு எழுதினேன்.

அண்ணா, அதற்கு நிஜமாக என்ன அர்த்தம்?

தங்கை


ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அப்போதும் வயிற்று வலி என்று பொய்தான் எழுதினேன். போனை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், பாப்பா.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மறுசுழர்ச்சி என்றால் திரும்பச் சுற்றி வருவது. செத்த பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, அதிலிருந்து புதுசு செய்வது. அவ்வளவுதான். மாப்பிள்ளை செய்ததும் அதுதானே? அவர் உருக்கிக் கொடுத்த கட்டி எல்லாம் சுற்றிவந்து எங்கேயோ புது பேட்டரியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் நீ எழுதியதில் பொய் இல்லை. வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

சட்டம் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னார்கள். புதுசு விற்கிறவன் பழசைத் திரும்ப வாங்க வேண்டும், நம்பரோடு எழுத வேண்டும், அனுமதி உள்ள ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபீசுக்குக் காகிதம் கொடுக்க வேண்டும். எழுதியவர்கள் ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஆலை இருப்பது ஒரு நாள் பயணத்தில். லோடு நிறையாமல் லாரி அனுப்ப மாட்டார்கள். அதுவரை ஆசிட் ஒழுகுகிற செத்ததை எல்லாம் நான் தலையிலா வைத்துக்கொள்வது? எல்லாக் கடைக்கும் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. என் கொட்டகை உன் வீட்டுப் பின்னால் இருந்தது, மாப்பிள்ளை வேலை இல்லாமல் இருந்தார், வெளியாளுக்குக் கொடுப்பதை நம் வீட்டு ஆளுக்குக் கொடுத்தேன். உனக்கு நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்தேன்.

அந்தக் குடி விஷயம். ஜனங்கள் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஏதாவது ஒரு பதில் சொல்லி வாயை மூட வேண்டியிருந்தது. குடித்துச் செத்தவனைப் பற்றி யாரும் மேலே கேட்க மாட்டார்கள். வாய் தவறி வந்துவிட்டது. அதைப் பெரிசு பண்ணாதே.

ஆஸ்பத்திரியில் யாரிடமும் கடைப் பேச்சு பேசாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உன் ஒல்லிப் பெண் பென்சிலுக்கு மாமா ஒரு ஸ்கூல் பை வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்.

அண்ணன்


ஜூன் 19

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவர் போன பிறகு எதையும் கிழிக்கவோ வீசவோ கை வரமாட்டேன் என்கிறது. ஆசிட் பட்டுச் சல்லடையான அவருடைய சட்டைகள்கூடக் கொடியிலேயே இருக்கின்றன. காற்று அடித்தால் ஓட்டை வழியாகப் பின்சுவர் தெரிகிறது.

பென்சிலுக்கு ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இரண்டு மாதமாக வயிற்று வலி. டீச்சர் வேறு, எட்டு வயசுப் பிள்ளைக்கு முந்தாநாள் சொன்னது நேற்று நினைவில்லை என்றார். அப்பா ஞாபகத்தில் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். ரத்தத்தில் ஈயம் ஐந்துக்கு மேல் இருந்தாலே கவலைப்பட வேண்டுமாம். அவளுக்கு முப்பத்தெட்டு.

"எப்படிம்மா குழந்தைக்குள்ள போச்சு?" என்று டாக்டர் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கொட்டகையிலிருந்து வந்த கையோடு அவளைத் தூக்கிச் சுற்றுவார். அவர் சட்டையையும் அவள் கவுனையும் ஒரே வாளியில் ஊறவைப்பேன். ஆசிட்டைக் கொட்டிய மண்ணுக்குப் பத்தடி தள்ளிக் கிணறு. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டார். உங்களுக்கும் அது தெரியும். காலி பேட்டரி ஓட்டின் மூடியை அறுத்து, கழுவி, அவர் அவளுக்குக் கொடுத்தது. உள்ளே ஆறு அறை. ஒன்றில் பொத்தான், ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் தேய்ந்த பென்சில் துண்டு என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு குடித்தனம் வைத்திருந்தாள். ஆறாவது அறை அப்பா அறை. அதில் ஒரு மீன். உருக்கிய ஈயத்தில் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, மணலில் விரலால் மீன் வரைந்து, அதில் ஊற்றி அவர் செய்துகொடுத்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வீட்டுப்பாடம் எழுதும்போது அதை வாயில் அடக்கிக்கொள்வாள். "துப்புடி" என்றால், "குளுகுளுன்னு இருக்கும்மா" என்பாள். அவரும் சிரிப்பார். நானும் சிரித்தேன் அண்ணா. நானும்தான் சிரித்தேன்.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது அந்த மண்ணை விட்டு நகர்வதாம். நகர்ந்து எங்கே போக? பக்கத்தில் இருந்த நர்ஸ், "சுற்றுச்சூழல் ஆபீஸ்ல ஒரு மனு குடுங்கக்கா, அவங்க வந்து மண்ணைத் தோண்டி எடுக்கணும், அது அவங்க கடமை" என்றாள். அங்கேயே ஒரு தாள் வாங்கி நானே எழுதினேன். மறுசுழர்ச்சி ஆலைக்குப் போக வேண்டிய பேட்டரிகளை எங்கள் வீட்டுப் பின்னால் உடைத்ததால் என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், என் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, மண்ணைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று எழுதினேன்.

பயப்படாதீர்கள். உங்கள் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை.

பை வேண்டாம் என்று பென்சில் சொல்லச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தங்கை


ஜூலை 2

பாப்பா,

என் பெயரை எழுதவில்லை என்றாய். எழுதியிருந்தால்கூடத் தேவலை.

நேற்று நீ மனு கொடுத்த ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி அம்மா கடைக்கு வந்தாள். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத பொம்பளை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நோட்டை எடுக்கச் சொன்னாள். பையிலிருந்து உன் மனுவை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினாள். மனுவில் தொட்டாள், நோட்டில் தொட்டாள். "இந்தத் தப்பு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க காகிதம் வரும், பாத்துச் சிரிப்போம். மறுசுழர்ச்சின்னு சின்ன ர போடற கடை ஊர்லயே ஒண்ணுதான். இப்ப அதே தப்பு ஒரு சாவு மனுவில வந்திருக்கு. நாங்க சிரிக்கல" என்றாள்.

ஆலையிலும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மூன்று வருடத்தில் என் கடையிலிருந்து ஒரு பேட்டரிகூட அங்கே போய்ச் சேரவில்லையாம். நோட்டில் அறுநூறு வரி போயிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டாள். முன்னால் வேலை பார்த்த ஒரு பெண், நின்றுவிட்டாள் என்றேன். நம்பியமாதிரித் தலையாட்டினாள்.

ஒரு எழுத்து, பாப்பா. ஒரே எழுத்தில் என்னையும் மாட்டிவிட்டு நீயும் மாட்டிக்கொண்டாய்.

யோசித்துப் பார்த்தேன். இதோடு ஒரு டைப் அடித்த தாள் வைத்திருக்கிறேன். பழைய பேட்டரிகளை ஆலைக்கு அனுப்புவதாகச் சொல்லி மாப்பிள்ளைதான் கடையிலிருந்து எடுத்துப்போனார், கடைக்காரருக்குத் தெரியாமல் வீட்டில் உடைத்து விற்றார், அவர் சொல்லித்தான் நீ நோட்டில் எழுதினாய் என்று இருக்கும். கீழே கையெழுத்து மட்டும் போடு. படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் செத்தவரை யாரும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள். உயிரோடு இருக்கிற நம்மைப் போடுவார்கள். நான் உள்ளே போனால் கடை போகும். நீ உள்ளே போனால் பென்சில் யாரிடம் இருப்பாள்? எங்களிடம்தானே? அவளுக்கு நான் இருக்கிறேன். அவள் வைத்தியம், படிப்பு எல்லாம் என் பொறுப்பு. கையெழுத்துப் போடு.

பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு உன்னை ஆபீசுக்கு வரச்சொல்லிக் காகிதம் வரும். அதற்குள் அனுப்பு.

அண்ணன்


ஜூலை 9

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். நாலு நாளாக அங்கேயே இருக்கிறது. சொம்பின் அடி வட்டமாகப் பதிந்துவிட்டது. போடவும் இல்லை, போடாமல் விடவும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பென்சில் எடுத்துப் படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தவள், "மாமாவுக்கும் இது தப்பா வருது" என்றாள். எது என்றேன். "மறுசுழற்சி. இதுக்குப் பெரிய ற போடணும், ச்-சும் கிடையாது. டீச்சர் குப்பைத்தொட்டி மேல எழுதி ஒட்டியிருக்காங்க." எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் காதில் விழவே இல்லை. அவளே என் கையைப் பிடித்து எழுதிக் காட்டினாள். "ற-வைப் பாரும்மா, அதுவே எப்படிச் சுத்தி வளைஞ்சு வருது. சுத்துற எழுத்துதான் சுழற்சிக்கு. இனிமே மறக்காது பார்." முந்தாநாள் சொன்னதை மறக்கிற பிள்ளை இதை மறக்கவில்லை. அவர் இருந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்திருப்பார்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. நானாக ஒரு தப்புச் செய்ய எனக்கு அந்தச் சொல்லே தெரியாதே. என் துணிப் பெட்டியைக் கிளறினேன். இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக ஒரு வரி எழுதி, "இதைப் பார்த்து அப்படியே எழுது, ஒரு புள்ளி மாறக் கூடாது" என்று நீங்கள் கொடுத்த சீட்டு. அப்படியே எழுதினேன். ஒரு புள்ளி மாறவில்லை. அந்தச் சின்ன ர உங்களுடையது அண்ணா. உங்கள் இரண்டு கடிதத்திலும் அதே ர இருக்கிறது.

இதை வைத்து மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் எட்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது சிலேட்டில் ஆனா ஆவன்னா எழுதிக் காட்டி என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தவர் நீங்கள். தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று யாரோ சொன்னார்களாம், பயந்துவிட்டீர்கள். நான் அறிந்த எழுத்து எல்லாம் உங்கள் கை எழுத்துதான்.

அதனால் கேட்கிறேன். உங்கள் தாளில் அவரைத் திருடர் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் குடிகாரர் என்று சொன்னீர்கள். செத்தவர் தலையில் இரண்டு மூட்டை ஏற்றாதீர்கள். ஒன்றை நான் ஏற்றுக்கொள்கிறேன், பென்சிலுக்காக. அவர் இருந்தாலும் மகளுக்காகத் திருடன் என்று பெயர் வாங்கச் சம்மதிப்பார். மற்றொன்றை நீங்கள் இறக்கிவையுங்கள். அன்று எந்த வாசலில் நின்று சொன்னீர்களோ அதே வாசலில் வந்து நின்று, நாலு பேர் காதில் விழ, மாப்பிள்ளை குடிக்கவில்லை என்று சொல்லுங்கள். "குடிச்சுச் செத்தவர் பொண்ணுதானே" என்று பள்ளிக்கூடத்தில் அவளைக் கேட்கிறார்கள். அவள் என்னிடம் வந்து, "அப்பா எனக்குத் தெரியாம குடிச்சாராம்மா?" என்கிறாள்.

வந்து சொல்லுங்கள். சொன்ன அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கை


ஜூலை 14

பாப்பா,

நேற்று வந்தேன். உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். வண்டியை நிறுத்தினேன். மூன்றாவது வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, தங்கச்சியைப் பாக்க வந்தீங்களா?" என்றாள். வழி தவறிவிட்டது என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை வருடமாக வரும் தெரு.

எப்படிச் சொல்வேன்? குடியில்லை என்று சொன்னால், அப்போ என்னது என்று கேட்பார்களே.

ஒன்று சொல்கிறேன். அண்ணிக்குக்கூடத் தெரியாது. போன வருடம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். வலது கை மணிக்கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. "மச்சான், டம்ளரைக்கூடத் தூக்க முடியல. இனிமே ஆலைக்கே அனுப்பிடுங்களேன்" என்றார். நான், "இந்த லோடு மட்டும் மாப்பிள்ளை" என்றேன். சரி என்று போனார். அதற்குப் பிறகு ஒரு லோடு. அதற்குப் பிறகும் ஒன்று. அவர் திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாம் அவர்.

அந்தச் சீட்டை எரித்துவிடு. இந்தக் கடிதத்தையும். கையெழுத்துப் போட்டாயா என்று சொல்

(இதற்குமேல் எழுத வரவில்லை. அப்படியே தபாலில் போடுகிறேன்.)


ஆகஸ்ட் 3

அண்ணா,

இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றே எழுதுகிறேன். சிலேட்டுப் பிடித்த காலத்தில் நீ என்றுதான் கூப்பிட்டேன். கடை வைத்த பிறகுதான் நீங்கள் ஆனாய்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. கை தொங்கிக்கொண்டு உன்னிடம் வந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கை ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, தூக்கத்தில் நசுங்கிவிட்டது என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அண்ணா. என்னிடம்கூட.

பதினெட்டாம் தேதி பென்சிலைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி அம்மா, "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். இரண்டு மணி நேரம் ஆனது. அறுநூறு வரியும் என் கை என்று எழுதினேன். படிக்கத் தெரியாமல் எழுதவில்லை, ஒரு தடவைக்கு மேல் கேட்காமல் எழுதினேன் என்று எழுதினேன். பேட்டரியைக் கடைக்காரர்தான் அனுப்பினார், என் வீட்டுக்காரர் திருடவில்லை, குடிக்கவில்லை என்று எழுதினேன். அந்தச் சொல் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. முதலில் சின்ன ர போட்டு எழுதினேன், அறுநூறு வரியும் நான்தான் என்று தெரிய வேண்டும் இல்லையா? அதற்குக் கீழேயே பெரிய ற போட்டும் எழுதினேன். பென்சில் எட்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றாள்.

சீட்டையும் கொடுத்தேன். உன் கடிதங்கள் மூன்றையும் கொடுத்தேன். நீ கிழிக்கச் சொன்னாய், எரிக்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. நீ வாசலில் வந்து நின்றிருந்தால் அந்த டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். நீ வராததை நினைத்து இப்போது அழுவதா, தப்பித்தேன் என்று இருப்பதா, தெரியவில்லை.

என் மேலும் கேஸ் உண்டு. பொய்க் கணக்கு எழுதியதற்கு. "நீங்களா வந்து சொன்னதைக் கோர்ட்டு பாக்கும்மா, ஆனா நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றாள் அதிகாரி அம்மா. சரி என்றேன்.

உன் கடைக்கு சீல் வைத்தார்கள் என்று அண்ணி போன் செய்தாள். எடுத்தேன். திட்டினாள். கேட்டுக்கொண்டேன். அண்ணிக்குச் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன். நீயும் போய் ரத்தம் பார். இருபது வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய். உனக்கும் வயிற்று வலி உண்டு. லீவு லெட்டர் வலி இல்லை அது.

திங்கட்கிழமை மூக்கை மூடிய ஆட்கள் வந்து பின்பக்க மண்ணை இரண்டடி ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள். தெருவில் வீடு வீடாகப் போய், இங்கே ஈயம் உருக்கியிருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் ரத்தம் பாருங்கள் என்று சொன்னார்கள். அவர் எதனால் போனார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவது வீட்டு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க தப்பா நெனச்சுட்டோம்" என்றாள். அவள் பேரனுக்கு ரத்தத்தில் ஈயம் பதினேழு இருக்கிறது. அவள் கையைப் பிடித்திருந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ செய்ய வேண்டியதை மண் வெட்டுகிறவர்கள் செய்துவிட்டார்கள். ஆனாலும் நீ வந்து சொல்லவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.

கொட்டகையில் உடைக்காமல் கிடந்த பேட்டரிகளை லாரியில் ஏற்றினார்கள். கடைசியாகப் பென்சிலின் பெட்டியைக் கேட்டார்கள். கையுறை போட்டு வாங்கினார்கள். பொத்தானையும் புளியங்கொட்டையையும்கூடத் திருப்பித் தர முடியாது என்றார்கள். அவள் அழவில்லை. ஆறாவது அறையை மட்டும் விரலால் காட்டினாள். அதிகாரி அம்மா மீனைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலை என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதுறீங்களாம்மா? உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்றாள்.

எழுதினேன். சிறிய ஈயக் கட்டி, ஒன்று என்று எழுதச் சொன்னாள். பென்சில், "அது கட்டி இல்ல, மீன்" என்றாள். அதிகாரி அம்மா மீனை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

லாரி கிளம்பியது. தெருமுனை வரை பின்னாலேயே நடந்துபோய், அது பெரிய சாலையில் ஏறித் திரும்புகிற வரை நின்று பார்த்தேன். அறுநூறு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பட்டியலில் நான் எழுதியதை உனக்கும் எழுதி அனுப்புகிறேன். ஒரு புள்ளி மாறவில்லை.

உடைக்காத பேட்டரி – 31
பேட்டரி ஓடு, ஆறு அறை – 1
ஈய மீன் – 1
மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பப்பட்டது.

தங்கை